ஆக்லாந்திலிருந்து ஒரு காதுகுத்துக்கு

1

ஊருக்குப் போய்விட்டு வந்தவனிடம் இந்த நாட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பயணம் எத்தனை மணி நேரம்?" என் பேருந்தில் தினமும் ஏறுகிற ஊன்றுகோல்காரர் கேட்டார். டிப்போ மேலாளர் கேட்டார். சம்பளப் பிரிவில் இருக்கும் பெண்ணும் கேட்டாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் முழித்திருப்பேன், ஆகவே அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

இணையத்தில் தட்டினால் கணக்கு உடனே வந்து நிற்கிறது. ஆக்லாந்துக்கும் மதுரைக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் அளந்தால் பதினோராயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எங்கும் நிற்காமல் பறந்தால் பதினான்கு மணி நேரம் ஆகலாம். ஆனால் அப்படிப் பறக்கிற விமானம்தான் கிடையாது. யாருக்காக இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்களோ! சிங்கப்பூரில் இறங்கிக் காத்துக் கிடந்து, வேறு விமானம் பிடித்து மதுரைக்குப் போய், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போடிநாயக்கனூர் வந்து சேர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒன்றரை நாள் ஆகிவிடும். இதில் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் ஒன்றில்லை. மேற்கே போகும்போது எதிர்க்காற்று, ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

இதைத் தங்கச்சி செல்வியிடம் போனில் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இதுல என்னண்ணே அதிசயம்? நம்ம மெட்டுல ஏறுறதுக்கு ஒரு நேரம், எறங்குறதுக்கு ஒரு நேரந்தான? ஒனக்கு ஊருக்கு வர்றது ஏத்தம், அங்கிட்டுப் போறது எறக்கம். அம்புட்டுத்தான்" என்றாள். போடிமெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டியவரின் பிள்ளைகள் நாங்கள். அவளுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. எனக்குத்தான் அவள் சொன்னதில் இருந்த குத்தல் விளங்க இரண்டு நாள் ஆனது.

2

செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் மகிழினி. எனக்கு இருக்கிற ஒரே மருமகள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பிறந்த முடி இறக்கிக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். ஒற்றைப்படை வயதில் செய்ய வேண்டும். ஒன்றில் முடியாவிட்டால் மூன்று, மூன்றும் தவறினால் ஐந்து. மாமன் வந்து பலகையில் சம்மணம் போட்டு உட்காராமல் கத்தி தலையில் படாது, ஊசி காதில் இறங்காது.

ஒன்றாம் வயதில் நியூசிலாந்து தன் எல்லையையே பூட்டி வைத்திருந்தது. போயிருந்தால் திரும்பியிருக்க முடியாது. மூன்றாம் வயதில் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. இப்போது ஐந்து நடக்கிறது. அத்தனை காலமும் பிள்ளையின் தலையில் பிறந்த முடி அப்படியே இருந்தது, இடுப்பைத் தொட்டுவிட்டது. காதுகள் மூளி. "ஒங்க வீட்ல கம்மல் வாங்கித் தர மாட்டாகளா?" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று செல்வி சொன்னாள்.

வேறு மடி இல்லாமல் இல்லை. சித்தப்பா மகன் பாண்டி உள்ளூரிலேயே இருக்கிறான். முறைப்படி அவனும் தாய்மாமன்தான். விடியும் முன்னே கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறுவான், சாயங்காலம் இறங்குவான். இறங்கியதும் மகிழினியை முன்சீட்டில் உட்கார வைத்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டாமல் தன் வீட்டுக்குப் போக மாட்டான். "பாண்டி மடியில வச்சுக் குத்திப்புடுவோம். புள்ள தலை சிக்குப் புடிச்சுக் கெடக்கு" என்று செல்வியின் மாமியார் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். செல்வி மசியவே இல்லை.

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில எதுக்கு அடுத்த மடி? எங்கண்ணே வரும்" என்று அந்த வீட்டில் ஒற்றையாக நின்று சண்டை போட்டிருக்கிறாள். இந்த முறையும் நான் போகவில்லையென்றால் அவளால் அங்கே தலை நிமிர்ந்து பேச முடியாது.

3

எனக்கும் மகிழினிக்கும் உறவு போனில்தான். மதிய ஓட்டத்துக்கும் சாயங்கால ஓட்டத்துக்கும் நடுவே எனக்கு ஒரு இடைவெளி உண்டு. அப்போது போடியில் காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னுகிற நேரம். அந்த முடியில் சீப்பை வைத்தாலே பிள்ளை தெருவுக்கே கேட்கிறாற்போல் அலறும். செல்வி போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பேசச் சொல்வாள். நான் ஆளில்லாத பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

"பஸ்ஸு மாமா, கதவத் தொற!"

பொத்தானை அழுத்துவேன். புஸ்ஸென்று கதவு திறக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுபடி மூடச் சொல்வாள், மறுபடி திறக்கச் சொல்வாள். அதற்குள் செல்வி சிக்கெடுத்துச் சடை போட்டு ரிப்பனும் கட்டி முடித்துவிடுவாள். பிள்ளையை ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

ஒரு நாளில் நான் தமிழ் பேசுவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாம்பார் அடுப்பில் இருக்கிறது, குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியப் பேச்சு. மகன் கவினுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அதுவும் காதில் செருகியிருப்பதை ஒரு பக்கம் மட்டும் கழற்றிவிட்டு.

ஒரு நாள் பேருந்தில் நல்ல கூட்டம். என்னை அறியாமல் ஒலிபெருக்கியில், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீக" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தர் சிரித்திருக்கலாம், எரிச்சலாகவாவது பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

காதுகுத்துக்கு வருகிறாயா என்று கவினைக் கேட்டேன். அவனும் எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்டான். சொன்னேன். "அப்பா, இங்கே கடையில் காது குத்த இரண்டு நிமிஷம்தான் ஆகும். அதற்கா ஒன்றரை நாள் பயணம்?" என்றான். அவன் சொன்னது ஆங்கிலத்தில், தமிழ் என்னுடையது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தனக்குத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி காதில் செருகிக்கொண்டான்.

4

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தேன். புகைப்படத்தில் நிழல் விழுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். சுவரோடு ஒட்டி நின்று மறுபடி எடுத்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரைத் தரவும் என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தார்கள். அதை நிரப்ப நான் எடுத்துக்கொண்ட நேரம் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஆன நேரத்தைவிட அதிகம். கூடப் படித்தவர்கள் யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. அப்பா, அம்மா இல்லை. கடைசியில் செல்வி பெயரைப் போட்டேன். நான் அந்த ஊர்க்காரன்தான் என்பதற்கு அவள் சாட்சி.

விடுப்புக் கேட்கப் போனேன். ஆள் பற்றாக்குறை என்றார் மேலாளர். என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு குழந்தைக்குக் காது குத்துகிறோம் என்றேன். "உன் குழந்தையா?" இல்லை, தங்கச்சியின் குழந்தை என்றேன். அப்படியென்றால் நீ எதற்கு என்பதுபோல் பார்த்தார். நல்ல மனிதர், உண்மையிலேயே புரிந்துகொள்ளத்தான் பார்த்தார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என் மடி தேவைப்படுகிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் வில்லங்கமாக இருந்தது. குடும்பத்துச் சடங்கு என்று மழுப்பினேன். ஒரு வாரம் கொடுத்தார்.

செல்வி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். "மூணு நாளு முன்னாடியே வந்துருண்ணே. புள்ள ஒட்டணும். ஒட்டாத ஆளு மடியில அது ஒக்காராது." அதற்குத் தோதாகத்தான் பயணச்சீட்டு எடுத்தேன். முதல் நாள் பிள்ளைக்கு ஐஸ்கிரீம், இரண்டாம் நாள் சந்தை, மூன்றாம் நாள் கடைவீதி என்று மனசுக்குள் திட்டமே போட்டு வைத்திருந்தேன்.

5

ஆக்லாந்தில் விமானத்தில் ஏதோ கோளாறு என்று ஏற்றியவர்களை இறக்கிவிட்டார்கள். மறுநாள்தான் கிளம்பியது. சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபோது மதுரை விமானம் போய்விட்டிருந்தது. அடுத்ததில் இடமில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. சென்னைக்கு வேண்டுமானால் நாளை அனுப்புகிறோம் என்றார்கள். விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மீன் தொட்டி, செடி கொடி, செயற்கை அருவி எல்லாம் வைத்திருந்தார்கள். எனக்கு அத்தனை மேலேயும் கோபம் வந்தது.

"எங்கண்ணே இருக்க?"

"சிங்கப்பூர்லதான்."

"இன்னுமா?" என்றாள் செல்வி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை பக்கத்துலதான் இருக்காக. நா பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

கிலோமீட்டரில் பார்த்தால் முக்கால் பங்கு வந்தாகிவிட்டது. ஒரு நாளை ஆக்லாந்து தின்றது போக, என் மூன்று நாளில் மிச்சத்தை இந்தக் கால் பங்கு தின்றது. சென்னையில் இறங்கி, மதுரைக்கு விமானத்தில் இடம் கிடைக்காமல், ரயிலேறிப் போடியில் இறங்கியபோது காதுகுத்தன்று காலை ஆகிவிட்டது. பாண்டி ஜீப்போடு நிலையத்துக்கு வந்திருந்தான்.

"என்னண்ணே, சிங்கப்பூரு வழியா நடந்தா வந்த?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். "ஏறு, ஏறு. வீட்டுக்கெல்லாம் போக நேரமில்ல. நேராக் கோயில்தான். அங்க பம்புசெட்டுல குளிச்சுக்க."

"புள்ள எங்கடா?"

"அது வெள்ளனே கோயிலுக்குப் போயிருச்சு. ஒங்க மாமா வருதுன்னேன். பஸ்ஸ ஓட்டிக்கிட்டு வருதான்னு கேக்குது" என்று சிரித்தான். தோட்டத்தில் புழங்கிப் புழங்கி அவன் பேச்சில் மலையாளம் ஒட்டியிருந்தது. "நீ நேரத்துக்கு வந்தியே, அது மதிண்ணே. அது போதும். செல்வி ரெண்டு நாளாப் பச்சத் தண்ணி குடிக்கல."

செல்வியின் மாமியார் வீட்டுக் குலதெய்வக் கோயில் ராசிங்காபுரத்துக்கு அப்பால், தென்னந்தோப்புகளைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. பாண்டி வெரசாக ஓட்டினான். நான் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இந்தக் காரியம் ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

செல்வி வாசலுக்கே ஓடி வந்தாள். "அண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னும் இரண்டு விமானம் மாறி வரலாம். மாமியாரும் நல்லபடியாகத்தான், "வாப்பு, வந்துட்டியா. போயிக் குளிச்சுட்டு வா" என்றார். மேளம் அடிக்கச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மாலை, பழம், செல்வி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த கம்மல், ஆக்லாந்தில் தமிழர் கடையில் நான் வாங்கிய பட்டுப் பாவாடை. வேட்டியும் துண்டுமாகப் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

மகிழினியைக் கூட்டி வந்தார்கள். போனில் அவள் முகம் திரை முழுக்க இருக்கும். நேரில் பார்த்தால் இத்துணூண்டு. நான் வாங்கி வந்த பாவாடை அவளுக்கு இரண்டு பங்கு பெரிது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மருமவளே, வா" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் பாண்டியின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"யாருன்னு பாரு தங்கம். மாமா வந்திருக்கு பாரு" என்றாள் செல்வி.

"இது மாமா இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூக்கி என் மடியில் வைத்தார்கள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து அலறியது. கையில் கடித்தது. பஸ்ஸு மாமா என்று சொல்லிப் பார்த்தேன், கதவு திறக்கிற சத்தம் போட்டுப் பார்த்தேன், அந்த அலறலில் எதுவும் அதன் காதில் ஏறவில்லை. மருத்துவர் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் முடி இறக்குகிறவரை அப்படித்தான் சொல்வோம். "புள்ள துள்ளுனா ஆவாதுய்யா. வெட்டிப்புடும்" என்றார். வழுக்கிக்கொண்டு இறங்கிய மகிழினி ஓடிப்போய்ப் பாண்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை பாதியாகக் குறைந்தது.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்கள். மாமியார் எதையும் குத்திக்காட்டவில்லை. "நல்ல நேரம் போகுது செல்வி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். செல்வி என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷம் எனக்காக அவள் போட்ட சண்டை அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. எழுந்து பலகையை விட்டு விலகினேன். பதினோராயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, ஒரு பலகையிலிருந்து எழுந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

"பாண்டி, நீ ஒக்காரு" என்றேன்.

"அய்யோ, நா எதுக்குண்ணே" என்று அவன் பின்வாங்கினான். பிள்ளை அவனை விட்டால்தானே. உட்கார்ந்தான். ஆனால் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் அவன் மடியிலேயே மறுபடி உதறத் தொடங்கிவிட்டது. சீப்பு என்றாலே அலறுகிற தலை, கத்திக்கா அடங்கும்?

அப்போது செல்வி ஒரு காரியம் செய்தாள். தினமும் செய்து பழகிய கை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, தண்ணீர்ச் சொம்பின் மேல் பிள்ளைக்கு எதிரே சாய்த்து வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, நீ அங்கிட்டுப் போயி நின்னு பேசுறியா?"

7

என் போனில் இந்த ஊர் சிம் இல்லை. பாண்டி தன்னுடையதை எடுத்து நீட்டினான். கோயில் சுவருக்குப் பின்னால் அவன் ஜீப்பு நின்றது. சட்டையை மாட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தேன்.

"பஸ்ஸு மாமா!" கண்ணீரோடு அந்த முகம் மலர்ந்தது. "கதவத் தொற!"

ஜீப்பில் ஏது கதவு? வாயாலேயே புஸ்ஸென்றேன். அவள் சிரித்தாள். மறுபடி என்றாள், மறுபடி புஸ்ஸென்றேன். தலை ஆடவில்லை. பிறந்த முடியின் முதல் கொத்து பாண்டியின் வேட்டியில் விழுவதை அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். அந்த முடி என் வேட்டியில் விழுந்திருக்க வேண்டும். வாய் அதுபாட்டுக்குப் புஸ்ஸென்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவளைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, நான் கொண்டுபோன பாவாடையை மடித்து ஊக்குக் குத்திக் கட்டிவிட்டுக் கொண்டுவரும்வரை நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் பிள்ளை பார்த்துவிடும். யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுபடி போன் அடித்தது. மொட்டைத் தலையோடு அவள் யார் சாயலிலோ இருந்தாள். ஆசாரி பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமாவப் பாரு, மாமாவப் பாரு" என்றது செல்வியின் குரல்.

குத்திய அழுகை எனக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் சுவருக்கு மேலே, பிறகு ஒரு கணம் கழித்துப் போனில். அடுத்த காதுக்கும் அப்படியே. மேளம் அடித்தது. பாண்டி அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கி, போனைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கம்மலைத் திரைக்கு மிக அருகே கொண்டுவந்து காட்டினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"மாமா, எல்லாரும் வந்துட்டாக. நீ மட்டும் ஏன் வரல?"

"ரொம்பத் தூரம், ஆத்தா" என்றேன்.